கேரியரைப் பிடித்தவர்கள்

(புதுக்கோட்டையில் மகளிர் சுய உதவிக் குழுவினரும் ஆசிரியர்களும் மாணவிகளும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்றாடம் செய்கிற சின்னச் சின்னப் பழக்கங்கள் மனத்துக்கு எப்படித் தெம்பு தருகின்றன என்று பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் புத்தகக் கடைகளில் அடுக்கடுக்காக நூல்கள் கிடைக்கின்றன. விடியுமுன் எழுந்திரு, வெந்நீர் குடி, கண்ணை மூடி உட்கார், நல்லதையே நினை என்று அவை சொல்கின்றன. அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் புதுக்கோட்டையில் நின்று இதைப் பேசுகிறவருக்கு அந்த நூல்கள் தேவைப்படாது. இந்த மாவட்டத்துப் பெண்கள் 1991-லும் 1992-லும் செய்து காட்டியதே போதும்.

அதற்கு முன் ஒன்று. "மனசு சரியில்லைங்க, கொஞ்சம் தெளிஞ்சதும் நடக்க ஆரம்பிக்கணும்." "பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் எனக்குன்னு கொஞ்ச நேரம் ஒதுக்கிக்கிறேன்." இப்படிச் சொல்லாத வீடு நம்மிடம் இல்லை. மனம் தெளிந்த பிறகு கால் நகரும் என்று நாம் நம்புகிறோம். எனக்குத் தெரிந்தவரை இந்த வரிசையே தலைகீழ். முதலில் கால் நகர வேண்டும். மனம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த முதல் அடியைத் தனியாகவே எடுத்து வை என்று ஒருவரிடம் சொல்வதும் நியாயமில்லை. இந்த இரண்டையும்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம், நாட்டின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை தமிழ்நாட்டுக்கும் வந்தது. இங்கே அதற்கு அறிவொளி இயக்கம் என்று பெயர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்றார்கள். ஊர் ஊராகத் தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்தார்கள். பகலெல்லாம் வயலிலும் குவாரியிலும் கிடந்த பெண்கள், அடுப்பு வேலை முடிந்த பிறகு சிலேட்டுடன் வந்து உட்கார்ந்தார்கள். புதுக்கோட்டையில் அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். படிக்க வருகிற பெண்களையும் பாடம் சொல்லித் தரும் பெண்களையும் கவனித்தபோது, எழுத்துத் தெரியாததை விடப் பெரிய தடை ஒன்று அவர் கண்ணில் பட்டது. அந்தப் பெண்களால் இடம் விட்டு இடம் போக முடியவில்லை. பக்கத்து ஊர் வகுப்புக்கு அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. இல்லையென்றால் எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸுக்குப் பொட்டல் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். இன்னொருவர் கையை எதிர்பார்த்தே வாழ்கிறவர் எத்தனை எழுத்துப் படித்தாலும் தலை நிமிர்வது கடினம். அதனால்தான் சைக்கிள் ஓட்டுவதும் எழுத்தறிவுத் திட்டத்தின் ஒரு பகுதியானது.

இன்றைக்குக் கேட்கும்போது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு வயதுக்கு வந்த பெண் கிராமத்துத் தெருவில் சைக்கிள் ஏறுவது சாதாரணம் இல்லை. சிறுவர்கள் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொள்வார்கள்; விழுந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போய்விடும். சேலை கட்டிய பெண் விழுந்தால் ஊர் அப்படி விட்டுவிடாது. கேலி பேசினார்கள், கூசும்படி பேசினார்கள். இருந்தாலும் பெண்கள் ஏறினார்கள். முதலில் அறிவொளித் தொண்டர்களாக இருந்த பெண்கள் கற்றார்கள். அவர்களைப் பார்த்து, அவர்களிடம் பாடம் கற்றவர்கள் கேட்டார்கள். அந்தப் பெண்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரிகளும் கேட்டார்கள். தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்கும்படி ஆட்சியர் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இன்னின்ன பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தார். பிறகு முன்னணித் தொண்டர்களுக்கு யுனிசெஃப் 50 மொபெட் தந்தது.

பெண்கள் ஓட்டும் லேடீஸ் சைக்கிள் கடைகளில் போதவில்லை. கிடைத்தவை குறுக்கே பார் உள்ள ஆண்கள் வண்டிகள். சேலையோடு அந்தப் பாரைத் தாண்டிக் காலைப் போடுவது எவ்வளவு சங்கடம் என்பது இங்கே இருக்கும் பெண்களுக்குத் தெரியும். ஆனால் சிலர் நாளடைவில் அந்தப் பார் வண்டிதான் வேண்டும் என்றார்கள். அந்தப் பாரின் மேல் குழந்தையை உட்கார வைத்துக் கொள்ளலாமே! பாரில் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம். இப்படிப் போன பெண்களை இந்தச் சாலைகள் பார்த்திருக்கின்றன.

1992 மார்ச்சில் உலக மகளிர் நாளன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்தபடி இந்த நகரத்தின் தெருக்களை நிறைத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிற்பாடு இங்கே வந்து விசாரித்து எழுதியது 1996-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. குறைத்துக் கணக்கிட்டாலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்கிறார். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமிகளைக் கழித்துவிட்டால், மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நாலில் ஒருவர். அவர்களில் 70,000-க்கும் மேற்பட்டோர் பொது இடங்களில் நடந்த சைக்கிள் போட்டிகளிலும் காட்சிகளிலும் ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் கட்டுரை இந்தியில் மொழிபெயர்க்கப்பட்டு, 8-ஆம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் இருந்தது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் புதுக்கோட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளைகள், புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டியதைப் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? மாணவிகளே, இன்றிரவு வீட்டுக்குப் போய் உங்கள் அப்பத்தாவிடமும் அம்மாவிடமும் கேளுங்கள்.

அந்தப் பெண்களிடம் சைக்கிளால் என்ன கிடைத்தது என்று கேட்டபோது சம்பாத்தியம் கூடியதையும் சொன்னார்கள். பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரம் மிச்சமானது, விளைந்ததை நாலு ஊருக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தது, தண்ணீர் எடுக்கப் போய்வருவது சுருங்கியது, கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. அதை விட அழுத்தமாக அவர்கள் சொன்னது, யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடிகிறது, அதனால் தங்கள் மீதே ஒரு மதிப்பு வந்திருக்கிறது என்பதைத்தான். நாம் இன்றைக்கு நேர்மறை மனப்பான்மை என்று பேசுகிறோமே, அது இதை விட வேறென்ன? யாரும் அவர்களை உட்காரவைத்து நம்பிக்கையாக நினையுங்கள் என்று போதிக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். நம்பிக்கை அங்கே வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டது.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு வந்தது; மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றார், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவரால் எழுந்தது. அவருக்கு ஒரு மன்னரின் அனுமதி தேவைப்பட்டது. 1991-ன் பெண்களுக்குத் தேவைப்பட்டது ஓட்டப் பழக ஒரு வண்டி, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர ஓர் ஆள்.

அந்தக் கேரியரைப் பற்றி நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும். சைக்கிள் கற்ற யாரையும் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் கேரியரை ஒருவர் அழுத்திப் பிடித்திருப்பார். "பார்த்து, பார்த்து, கீழே பார்க்காதே, தூரமாப் பாரு" என்பார். நாலைந்து நாளில் பிடி தளரும். ஒரு நாள் அவர் எப்போது கையை விட்டார் என்றே தெரியாது. திரும்பிப் பார்த்தால் தூரத்தில் நிற்பார். பார்த்த மாத்திரத்தில் நாம் விழுவோம். விழுந்தாலும் ஓட்டிவிட்டோம் என்பது தெரிந்துவிடும். அதை யாராலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. புதுக்கோட்டையில் அந்தக் கேரியரைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. நேற்றுக் கற்றவர் இன்றைக்கு இன்னொருவருக்குக் கற்றுக் கொடுத்தார். அத்தாச்சிக்கு நாத்தனார், சின்னம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண், ஆசிரியைக்கு அவருடைய மாணவி. ஒரு லட்சம் என்ற எண்ணிக்கை அப்படித்தான் வந்தது. அரசு ஆணை போட்டு ஒரு லட்சம் பேரைச் சைக்கிள் ஏற்ற முடியாது.

தூரதேசத்து ஒரு பெண்மணியின் கதை இங்கே பொருந்தும். ஃபிரான்சிஸ் வில்லர்ட் என்று பெயர், அமெரிக்காவில் மதுவிலக்கு இயக்கத்தையும் பெண்கள் வாக்குரிமையையும் முன்னெடுத்தவர். 1892-ல் தாயை இழந்தார். அதற்கு மேல் ஓயாத பொதுவேலை. உடலும் மனமும் சோர்ந்துபோனார். அப்போது அவருக்கு வயது 53. அந்த வயதில், அந்தக் காலத்து நீண்ட பாவாடையோடு சைக்கிள் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். தோழி ஒருவர் தந்த வண்டிக்கு, மகிழ்ச்சி தருவது என்று பொருள்படும்படி கிளாடிஸ் என்று பெயர் வைத்தார். கற்றுக்கொண்ட விதத்தை 1895-ல் ஒரு சிறு புத்தகமாக எழுதினார். அதில் அவர் கொடுக்கும் கணக்குதான் எனக்கு முக்கியம். நாளுக்குச் சராசரியாக 15 நிமிடம், ஏறக்குறைய 3 மாதம். பெடல் போட, திருப்ப, இறங்க, ஏற என்று ஒவ்வொன்றாகக் கற்றார். முதல் நாட்களில் அவரையும் ஆட்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் நடத்தினார்கள். துக்கத்திலிருந்து வெளியே வர ஒருவர் எடுத்துக்கொண்டது நாளுக்குக் கால் மணி நேரம்.

இப்படி நாள்தோறும் செய்கிற ஒன்று பழக்கமாவதைப் பற்றி ஓர் ஆய்வும் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சின்னக் காரியத்தைத் தேர்ந்துகொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர், இரவு உணவுக்கு முன் கால் மணி நேர ஓட்டம், இப்படி. தினமும் ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு அதைச் சேர்த்துச் செய்தார்கள். நினைவுபடுத்திக்கொள்ளாமல் தானாகவே செய்யும் நிலைக்கு வரப் பொதுவாக 66 நாள் அளவுக்கு ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்துவிட்டது. சிலருக்கு 254 நாள் தேவைப்படும் என்று கணக்கு காட்டியது. நம்மிடையே ஒரு மண்டலம் என்று 48 நாள் கணக்கு உண்டு. விரதமோ மருந்தோ ஒரு மண்டலம் இருந்தால் உடம்பில் பிடிக்கும் என்பார்கள். ஆய்வு சொல்வது அதிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை மறக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று வாரத்தில் வந்தது உங்களுக்கு ஆறு மாதம் எடுத்தால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவு இதை விட ஆறுதலானது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் அதனால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை. நம் பெண்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் விருந்தாளி, பிள்ளைக்குக் காய்ச்சல், சொந்தத்தில் ஒரு சாவு என்று எத்தனையோ காரணங்களால் ஒரு நாள் போகும். "போச்சு, விட்டுப்போச்சு, இனிமே எங்கே" என்று அதோடு எல்லாவற்றையும் கைவிடுகிறோம். விட்டுப்போன நாளை அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் செய்யுங்கள், போதும்.

கால் முதலில், மனம் பின்னால் என்று சொன்னேன். அது என் சொந்த ஊகம் இல்லை. கோவாவில் விக்ரம் பட்டேல் முதலான மனநல ஆய்வாளர்கள், சங்காத் என்ற அமைப்போடு சேர்ந்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் அது வந்தது. கடுமையான மனச்சோர்வோடு வந்தவர்களுக்கு ஆலோசனை சொன்னது மருத்துவர்கள் இல்லை. மனநலப் படிப்பு இல்லாத, ஆனால் அதற்கெனப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 6 முதல் 8 முறை சந்திப்பு, அவ்வளவே. அந்தச் சந்திப்புகளில் என்ன நடந்தது? உங்களுக்கு முன்பு எது பிடிக்கும், எதைச் செய்வதை நிறுத்திவிட்டீர்கள், நாளைக்கு அதில் ஒரு சிறு துண்டைச் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். கோவிலுக்குப் போவது, தோழியோடு பேசுவது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது போன்ற காரியங்களை மெல்ல மெல்ல நாளுக்குள் திரும்பக் கொண்டுவரச் செய்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். இந்த ஆலோசனையும் சேர்த்துப் பெற்றவர்களில் 64 சதவீதம். கேரியரைப் பிடிக்கப் பட்டம் வேண்டாம் என்று அந்த எண்கள் சொல்கின்றன.

இந்த மாவட்டமே ஒரு முறை ஒட்டுமொத்தமாகச் சோர்ந்து உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கமெல்லாம் தென்னை வேரோடு சாய்ந்தது. தாத்தா வைத்த பலா மரம் பேரன் கண்முன் முறிந்து கிடந்தது. மரம் போனதைச் சொல்லும்போது ஆள் போனதைச் சொல்லுகிற குரலிலேயே சொன்னார்கள். அந்த வீடுகளில் போய் நல்லதே நினையுங்கள் என்று சொல்லியிருந்தால் அது கொடுமை. அங்கே நடந்தது வேறு. முறிந்த மரத்தை அறுத்து எடுத்தார்கள், குழி வெட்டினார்கள், கன்று வைத்தார்கள். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். அறுபது வயதுக்காரர் ஒருவர் தென்னங்கன்று வைத்தால் அவருடைய கணக்கு என்ன? அந்த ஆறேழு ஆண்டுகளில் ஒவ்வொரு நாளும் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாடு மேயாமல் பார்க்க வேண்டும். வண்டு துளைத்திருக்கிறதா என்று குருத்தைப் பார்க்க வேண்டும். நாளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் படுத்துக் கிடந்த மனிதரைக் காலையில் எழுப்பி வெளியே கொண்டுவந்தது அந்தக் கன்றுதான். புயலுக்குப் பின் நிவாரணத் தொகையைப் பற்றி நிறையப் பேசினோம். கன்றுக்கு ஊற்றிய இந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். 1991-ல் சைக்கிள் ஏறிய பெண்களின் மகள்களும் பேத்திகளும் இன்று ஸ்கூட்டியில் போகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெண்களுக்குத் தெரியாமலே உடம்புக்குக் கிடைத்துக்கொண்டிருந்த உழைப்பு போய்விட்டது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 100 பேரில் 14 பேருக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களிடம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. நாளுக்கு 20 நிமிடத்துக்குச் சற்று மேல். தமிழக அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது, நம் மாவட்டத்திலும்தான். நல்ல காரியம். ஆனால் எட்டு கிலோமீட்டரைக் கேட்டதும் பலர் மலைத்துப் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: இரவுச் சாப்பாடு முடிந்ததும் தெருக்கோடி வரை போய்த் திரும்புங்கள். சாப்பிட்டவுடன் சிறிது நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். நடக்கும்போது எதிர்வீட்டம்மாவையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தனியாக நடந்தால் மூன்றாம் நாள் மழை வரும்போல் இருக்கிறது என்று காரணம் கிடைத்துவிடும். வாசலில் ஒருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால் அந்தக் காரணம் செல்லாது.

வாசிப்பைப் பற்றி ஆசிரியர்கள் இருப்பதால் ஒரு வார்த்தை. இந்த ஊரில் ஞானாலயா என்ற நூலகம் இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தம் சம்பளத்திலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த புத்தகங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆய்வாளர்கள் வருகிறார்கள். ஒரு நாளில் வந்த சேர்க்கை இல்லை அது. படுக்கப் போகுமுன் போனைக் கையிலிருந்து கீழே வைத்துவிட்டு நாலு பக்கம் படிக்கிற பழக்கம் வந்தால் தூக்கமும் ஒழுங்காகும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தர ஒரே வழி, அவர்கள் பார்க்கும்படி நாம் படிப்பது. கிராமத்தில் பெரியவர்களுக்குக் கண் தெரியாமல் போயிருக்கும். அவர்களுக்குச் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிற பேத்தி இருக்கிற வீட்டில், அந்தத் தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே சமயத்தில் நன்மை நடக்கிறது.

மற்றபடி, நன்றியை எழுதிவைப்பது, தியானம், மூச்சுப் பயிற்சி எல்லாவற்றையும் உங்களுக்குப் பிடித்தால் செய்யுங்கள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எதைத் தேர்ந்தாலும் அதை ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு ஒட்டிவையுங்கள். கோலம் போட்டு முடித்ததும், பால் பாத்திரத்தைக் கழுவியதும், பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றியதும். நம் நாளில் இப்படி ஆணி அடித்த இடங்கள் நிறைய இருக்கின்றன.

இப்போது ஒரு எச்சரிக்கை. பழக்கங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி ஒரு அநியாயம் செய்கிறார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனோடு வாழ்கிற பெண்ணிடம், நூறு நாள் வேலைக்கான கூலி வராமல் கடனில் நிற்கிற பெண்ணிடம், உன் மனத்தை மாற்றிக்கொள் என்கிறார்கள். அவருடைய துன்பத்துக்குக் காரணம் அவர் மனத்தில் இல்லை. 1991-ல் இங்கே நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். பெண்களின் எண்ணத்தை மட்டும் மாற்றச் சொல்லி நின்றுவிடவில்லை. வங்கிக் கடன் வந்தது, வண்டி வந்தது, ஆட்சியரே துணை நின்றார், ஊர் நடுவே போட்டி வைத்து ஓட்டுகிற பெண்ணைக் கைதட்டிப் பாராட்டினார்கள். இவை கிடைத்ததால்தான் சின்னப் பழக்கம் பெரிய மாற்றம் ஆனது. சுய உதவிக் குழுத் தலைவிகள் பலர் இங்கே இருக்கிறீர்கள். ஒரு பெண்ணிடம் நடைப் பயிற்சி போ என்று சொல்லுமுன், அவர் போகிற தெருவில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால் அடுத்த கிராம சபையில் கேளுங்கள். அதுவும் மனநல வேலைதான்.

மனச்சோர்வு ஒரு நோயாகவும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழ்க்கையே வேண்டாம் என்று யாராவது சொன்னால், "நடந்தால் சரியாகும்" என்று அவரிடம் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் பேசலாம். மாணவிகள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விடுதி அறிவிப்புப் பலகையிலும் எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1991-ல் இருபது, முப்பது வயதில் சைக்கிள் ஏறிய பெண்களுக்கு இன்று வயது ஐம்பதுக்கு மேல், அறுபதுக்கு மேல். பலருக்கு முட்டிவலி. பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஊரையே சுற்றிவந்தவர்கள் இப்போது வாசல்படியைத் தாண்டுவது குறைந்துவிட்டது. தங்களுக்குப் பின்னால் வந்த எல்லாருக்கும் சாலையைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள். இங்கே இருக்கும் மாணவிகளே, ஒவ்வொருவரும் உங்கள் தெருவில் அப்படி ஒருவரைக் கண்டுபிடியுங்கள். நாளைச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய், "வாங்க ஆத்தா, ஊரணிக்கரை வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். முதல் நாள் முட்டி வலிக்குது, இன்னொரு நாள் பார்ப்போம் என்பார். மறுநாளும் அதே ஆறு மணிக்குப் போங்கள். நடக்கும்போது அவர் சைக்கிள் கற்ற கதையைக் கேளுங்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள், எங்கே விழுந்தார், வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். எழுதியவற்றை உங்கள் ஆசிரியர்களிடம் கொடுங்கள். இந்த மாவட்டத்தின் அந்த வரலாற்றை ஓட்டியவர்களின் வாயாலேயே கேட்டு எழுத இன்னும் நேரம் இருக்கிறது.